நாற்பத்தொரு வயதில் படிக்க நினைத்தவளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு



குடும்பக் குரூப்பில் போன வாரம் நம் பிள்ளை ஒருத்தி, "பி.ஏ. தமிழ் படிக்கலாம்னு இருக்கேன், எப்படி அப்ளை பண்ணணும்?" என்று கேட்டாள். வயது 41. பதில் ஒன்றுமில்லை, வந்தது ஏழு சிரிப்புப் பொம்மைதான். ஒருவன், "என்னக்கா, கலெக்டர் ஆவப் போறியா?" என்றான். ஒன்பதாம் வகுப்போடு அவளை நிறுத்தி மடியில் பீடித் தட்டை வைத்தது யாருக்காக? அந்தப் பீடிக் கூலியில் இன்ஜினீயர் ஆனவன்தான் இதைக் கேட்டவன்.

இதே குரூப்பில் கார்த்தியாயினி அம்மாவின் படத்தை எத்தனை முறை பகிர்ந்திருப்பீர்கள்! ஆலப்புழைக்காரர், 2018-ல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியவர். மலைக்கு அந்தப் பக்கம் நடந்தால் கை தட்டுவீர்கள், நம் வீட்டில் நடந்தால் இளக்காரமா? பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பீற்றிக்கொள்வதில் மட்டும் குறைச்சல் இல்லை. அபிஷேகப்பட்டியில் 1990 முதல் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கு அது பஸ் ஜன்னல் வழியே பார்க்கிற கட்டடம்தானா?

"கரஸ்ல படிச்சா மதிப்பில்லை" என்று ஒரு மைனர் மாப்பிள்ளை எழுதியிருந்தார். தவறு. முறையான அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசியின் 2020-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன.

சிரிக்கிறவனை விட ஆபத்தானவன் இன்னொருவன் உண்டு. "பத்தும் வேண்டாம், பிளஸ் டூவும் வேண்டாம், பணத்தைக் கட்டுங்க, நேரா டிகிரி" என்று வருகிற புரோக்கர். அவனை நம்பாதே தாயி. நேர்மையான குறுக்கு வழியிலும் கண்ணி இருக்கிறது. இக்னோவில் பள்ளி இறுதி முடிக்காதவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் படிப்பு உண்டு, அதை முடித்துப் பட்டத்தில் சேரலாம். ஆனால் தமிழக அரசின் 2009-ஆம் ஆண்டு அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்கும். ஒரு அரசு வா என்கிறது, இன்னொரு அரசு செல்லாது என்கிறது. நடுவில் உழைத்துப் படித்தவன் என்ன பாவம் செய்தான்? இந்த அநியாயத்தை நான் சர்வீஸில் இருந்த காலத்திலேயே சத்தமாகச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அது மாறுகிற வரை நீ வரிசையிலேயே போ.

முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு. பதினான்கரை வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. முதன்முறை எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்கும் போக வேண்டும். பலர் இதைத் தெரியாமல் கோட்டை விட்டு ஒரு வருஷத்தை இழக்கிறார்கள். பிறகு பிளஸ் டூ, பிறகு பி.ஏ. முடிக்கும்போது 47 ஆகலாம். ஆகட்டுமே! அந்தப் பதிவில் உன் செல்போன் எண்ணையே கொடு, கம்ப்யூட்டர் சென்டர்காரன் எண்ணைக் கொடுக்காதே.

செய்முறைப் பதிவுக்கு அவளோடு நானே கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன். கணக்குப் பாடம் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில். தேர்வுக் கட்டணமும் புத்தகச் செலவும் அந்த இன்ஜினீயர் தம்பியுடையது. பணம் அனுப்பிவிட்டு, அதை இதே குரூப்பில் எழுது, ஐயா.