சிறு குடியானவனும் யந்திர ஏரும்

சென்ற 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி முதல் டிராக்டர்களின் மீதிருந்த சரக்கு சேவை வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. உழுகின்றவனுடைய கருவியின் மீது பாரமான வரி கூடாதென்பது நமது கட்சியாதலால், இக்குறைப்பை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும், விலை இறங்கியவுடனே வாங்கிவிட வேண்டுமென்ற அவசரம் நமது கிராமங்களில் தலையெடுப்பதைப் பார்க்கும்போது, ஒரு எச்சரிக்கை கூறாமலிருக்க நமக்கு மனம் வரவில்லை. இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் வைத்துக்கொண்டிருக்கும் குடியானவனுக்கு எந்த யந்திரம் தகும், எந்தக் கலப்பை தகும், அதை அவன் தனியாக வாங்குவதா, பலர் கூடி வாங்குவதா என்னும் விஷயங்களைத் தேச ஊழியர்கள் ஆர அமர யோசித்து அவனுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

முதலில் நமது குடியானவனுடைய நிலத்தின் அளவைப் பார்ப்போம். 2015–16-ல் எடுக்கப்பட்ட விவசாயக் கணக்கின்படி, இந்திய தேசத்தில் ஒரு குடியானவனுக்குச் சராசரியாக உள்ள சாகுபடி நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டிலோ அது வெறும் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலமுடையவர்களே நம் நாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்த நிலமும் ஒரே இடத்தில் இராமல், வாய்க்காலுக்கு இப்பால் அறுபது சென்ட், அப்பால் நாற்பது சென்ட் என்று சிதறிக் கிடக்கும். பஞ்சாபின் அகன்ற கோதுமை வயல்களுக்கு ஏற்ற நாற்பது, ஐம்பது குதிரைசக்தியுள்ள டிராக்டரை இப்பேர்ப்பட்ட துண்டு நிலத்தில் இறக்கினால், அது உழுகிற நேரத்தைவிடத் திரும்புகிற நேரமே அதிகமாகும். வரப்பும் சரியும், வாய்க்கால் கரையும் உடையும்.

டிராக்டரே வேண்டாமென்று வாதித்த பெரியோர் நம்மிடையே இருந்தார்கள். தஞ்சையில் 1892-ல் பிறந்து, காந்தியடிகளின் கிராமப் பொருளாதாரத்துக்கு சாஸ்திர வடிவம் கொடுத்த ஜே. ஸி. குமரப்பா அவர்களில் தலைசிறந்தவர். மாடு உழவும் செய்யும், எருவும் கொடுக்கும். யந்திரமோ எண்ணெயைக் குடித்துவிட்டுப் புகையைத்தான் விடும் என்பது அக்கட்சியாரின் வாதம். இதை ஏளனம் செய்யத் துணிகிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: இன்றைக்கும் நமது தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அன்னிய நாடுகளிலிருந்தே வருகிறது. ஏர்மாட்டை விற்றுவிட்டு டீஸல் வாங்குகிற குடியானவன், தன் தொழிலின் ஒரு நுனியை எங்கோ இருக்கும் எண்ணெய்க் கிணற்றில் கட்டிவிடுகிறான் என்பது பொய்யல்ல.

ஆயினும் காலத்தைக் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும். உழவுமாடு ஜோடியாக நிற்கும் தொழுவங்கள் இன்று அருகிவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஏர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் பட்டணத்துக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். பருவமழை பெய்து நிலம் பதமாயிருக்கும் நாலைந்து நாளுக்குள் உழவு முடியாவிட்டால், அந்தப் போகமே தவறிப்போகும். இந்த நிலைமையில் யந்திரத்தைச் சபிப்பதில் பயனில்லை. யந்திரத்தை எஜமானனாக வைத்துக்கொள்ளாமல் வேலைக்காரனாக வைத்துக்கொள்வது எப்படி என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இவ்விஷயத்தில் தேசத்துக்குப் பெருமை தரும் ஒரு சரித்திரமும் உண்டு. அன்னிய தேசத்துக் கம்பெனிகளின் அமைப்பையும் உரிமத்தையும் வாங்கித்தான் நாம் டிராக்டர் செய்ய முடியும் என்று பலர் நினைத்திருந்த காலத்தில், துர்காபூரிலுள்ள மத்திய யந்திரவியல் ஆராய்ச்சிக் கழகத்தில் நமது பொறியியலாளர்களே ஒரு டிராக்டரை வகுத்தார்கள். அதைத் தயாரிக்கப் பஞ்சாப் சர்க்காரின் முயற்சியால் 1970-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1974-ல் அந்த டிராக்டர் வெளிவந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘ஸ்வராஜ்’ என்பது. இருபத்தைந்து குதிரைசக்திக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சிறு யந்திரம், நமது மூளையும் நமது கையும் எந்த தேசத்தாருக்கும் குறைந்தவையல்ல என்பதைக் காட்டியது. இன்று பல கம்பெனிகள் சிறு டிராக்டர்களை நம் தேசத்திலேயே செய்கின்றன. ஆகவே வாங்குகிறவனுக்குப் பொருள் இல்லையென்ற குறை கிடையாது. தேர்ந்தெடுக்கும் விவேகமே வேண்டும்.

அவ்விவேகத்தின் முதற்படி, பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருப்பதைப் பார்த்து வாங்காமலிருப்பது. குதிரைசக்தி அதிகமானால் கௌரவமும் அதிகம் என்ற மயக்கம் நம்மவரிடையே இருக்கிறது. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட தோட்டக்கால் நிலத்துக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து குதிரைசக்தி பெரும்பாலும் போதும். தென்னைக்கும் வாழைக்கும் இடையே நுழைய வேண்டுமானால், சக்கரங்களின் அகலம் முக்கியம். மூன்றடி இடைவெளியில் போய் வரக்கூடிய குறுகிய டிராக்டர்கள் இப்பொழுது கிடைக்கின்றன. நஞ்சைச் சேற்றில் இறங்க வேண்டுமானால், எடை குறைவாகவும் நாலு சக்கரமும் இழுப்பதாகவும் இருப்பது நலம். கனத்த டிராக்டர் நெல் வயலின் அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் இறுகிய மண்படையை உடைத்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் நிற்காது. தோட்டக்காலிலோ அதே கனம் மண்ணை மேலும் மேலும் அழுத்தி வேரை இறங்கவிடாமல் செய்யும்.

கரிசல் நிலத்துக்காரனுடைய சங்கதி வேறு. ஆழ உழ வேண்டிய இறுகிய நிலத்தில் சிறு டிராக்டர் திணறும். அதற்காக அவன் பெரிய டிராக்டரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. உளிக்கலப்பை கொண்டு அடிமண்ணைப் பிளக்கும் வேலை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். அந்த ஒரு நாள் வேலைக்குப் பெரிய டிராக்டரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, அன்றாட வேலைக்குச் சிறியதை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, கலப்பையைப் பற்றியது. டிராக்டர் மாட்டின் ஸ்தானத்தில் இருப்பது. உழுவது அதன் பின்னால் மாட்டப்படும் கருவியே. மாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் அலைகிறவன் கலப்பையை ஒரு நிமிஷத்தில் தீர்மானிக்கலாமா? ஹாரி பெர்குஸன் என்பவர் கண்டுபிடித்த மூன்று புள்ளி இணைப்பு வந்த பிறகு, கலப்பையை டிராக்டரே தூக்கவும் இறக்கவும் செய்கிறது. மண்ணின் எதிர்ப்பு பின் சக்கரங்களை நிலத்தில் அழுத்திப் பிடிக்கவும் உதவுகிறது. சிறு டிராக்டர் தன் எடைக்கு மீறிய வேலை செய்யும் இரகசியம் இதுவே. ஆனால் அந்த இணைப்பு எத்தனை கிலோ தூக்கும் என்பதைக் கேளாமல் கனத்த கலப்பையை வாங்கிவிட்டால், முன் சக்கரம் மேலே கிளம்பும், திருப்புவதற்குக் கட்டுப்படாது.

இருபது குதிரைசக்தி டிராக்டருக்கு மூன்றடி அகல ரோட்டவேட்டர் பொருந்தும். ஐந்தடி அகலமுள்ளதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி மாட்டினால் எஞ்சின் மூச்சுத் திணறும். மேலும், எல்லா உழவுக்கும் ரோட்டவேட்டரையே ஓட்டுவது தவறு. அது மேல்மண்ணை மாவாக்குகிறது. திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் சுழல்வதால் அதன் கீழே மண் இறுகிப்போகிறது. முதல் உழவுக்குக் கொக்கிக் கலப்பை, கடைசிப் பதத்துக்கு மட்டும் ரோட்டவேட்டர், பார் போட ஒரு பார்க்கலப்பை, மேடுபள்ளம் சரிசெய்ய ஒரு பலகை — சிறு நிலத்துக்கு இவை போதும். மற்றவற்றை வேண்டும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை ஏக்கருக்காக ஏழு கருவிகளை வாங்கி வேப்பமரத்தடியில் துருப்பிடிக்க விடுவது செல்வத்தை மண்ணில் புதைப்பதாகும்.

மூன்றாவதும் முக்கியமானதுமானது கணக்கு. டிராக்டரும் இரண்டு கருவிகளும் சேர்ந்து ரூ. 6 லக்ஷம் ஆவதாக வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்துக்குப் பின் அது ரூ. 1½ லக்ஷத்துக்கு விலைபோனால், வருஷத்துக்குத் தேய்மானம் ரூ. 45,000. முடங்கியிருக்கும் முதலுக்குச் சராசரியாக வட்டி ரூ. 37,500. இன்ஷ்யூரன்ஸ், கொட்டகை முதலியவற்றுக்கு ரூ. 7,500. ஆக, சாவியைத் திருகாமலே வருஷத்துக்கு ரூ. 90,000 செலவு. மூன்று ஏக்கருக்காக அவன் அதை வருஷத்தில் 45 மணி நேரம் ஓட்டினால், ஒரு மணிக்கு ரூ. 2,000 விழுகிறது, டீஸலும் ரிப்பேரும் அதற்குமேல். அதே யந்திரம் 450 மணி நேரம் ஓடினால் மணிக்கு ரூ. 200-தான். ஆகவே தனக்கு மட்டும் உழுவதற்காகச் சிறு குடியானவன் வாங்குவானானால், யந்திரம் அவனை உழும். ஊருக்கெல்லாம் உழுதுகொடுக்க வாங்குவானானால் அவன் பிழைப்பான். அதற்கு ஊரில் வேலையும், ஓட்டத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்திட்டவர்களின் கதி என்னவென்பதை நாம் மறக்கலாகாது. 2016-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், தஞ்சை ஜில்லாவில், டிராக்டர் கடனின் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸார் வயலருகே அடித்து இழுத்த காட்சியைத் தேசமெல்லாம் பார்த்துத் தலைகுனிந்தது. சோறு விளைவிக்கிறவனை அடித்த கையை நாம் கண்டிக்கிறோம். அதோடு, அவனைப்போன்றவர்களை அந்தத் தவணைக்குள் தள்ளுகிற ஏற்பாட்டையும் கண்டிக்கிறோம். யந்திரத்தை விற்பவனுக்கு விற்றவுடன் கணக்குத் தீர்ந்தது. கடன் கொடுத்தவனுக்கு ஈடு இருக்கிறது. மழை பொய்த்தால் நஷ்டமெல்லாம் குடியானவன் ஒருவனுக்கே. தவணை மாதாமாதம் வரும். விளைச்சல் மாதாமாதம் வருமா? அறுவடைக் காலத்தை ஒட்டித் தவணை வைக்காத கடன் எதையும் குடியானவன் ஏற்கலாகாது.

அப்படியானால் வழி என்ன? கூடி வாங்குவதே வழி. கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் வருஷத்திலேயே திருவள்ளூருக்கு அருகே திரூரில் விவசாயக் கடன் சங்கம் கண்ட நாடு இது. 2017–18-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு விவசாயிகள் சேர்ந்த குழுவுக்குக் கருவிகள் வாங்க ரூ. 5 லக்ஷம் மூலநிதி என்று வகுத்தார்கள். நூறு பேருடைய நிலம் என்றால் 450 மணி நேர வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டியிருக்கும். யாருக்கு முதல் முறை என்பதில் சச்சரவு வரும். பொதுப்பொருளுக்கு எண்ணெய் போடுகிறவன் இருக்கமாட்டான். ஆதலால் முறைச்சீட்டு, மணிக்கணக்குப் புத்தகம், சம்பளம் வாங்கும் ஒரே ஓட்டுனர், ரிப்பேருக்கென்று தனியாக ஒதுக்கும் நிதி — இந்நான்கும் இல்லாத சங்கம் யந்திரம் வாங்காமலிருப்பதே மேல். ஏரி மடைத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சத் தெரிந்த நம் கிராமத்தாருக்கு இது புதுப்பாடம் அல்ல.

சர்க்கார் வேளாண்மைப் பொறியியல் இலாகாவும் யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அது நல்ல காரியம். சிறு விவசாயிகள் தனியாக வாங்குவதற்கு மானியம் கொடுப்பதைக் காட்டிலும், வட்டாரந்தோறும் சிறு டிராக்டர்களையும் பவர் டில்லர்களையும் பருவத்துக்கு முன்பே போதிய அளவில் நிறுத்துவதில் பணத்தைச் செலவிடுவது ஜனங்களுக்கு அதிக உபகாரமாகும் என்பது நமது அபிப்பிராயம்.

வாங்கத் துணிந்தவர்களுக்கு நாலு வார்த்தை. உன் நிலத்தில் ஓட்டிக் காட்டாத யந்திரத்துக்கு முன்பணம் கொடாதே. உதிரிச் சாமானும் மெக்கானிக்கும் அரைநாள் பிரயாணத்துக்குள் கிடைக்குமா என்று விசாரி. மானியம் கழித்த விலையையும், மானியமில்லாமல் ரொக்கத்துக்குக் கிடைக்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார். சுழலும் தண்டுக்கு மூடி போட்டிருக்கிறதா என்று பார். வேஷ்டியும் துண்டும் அதில் சிக்கினால் உயிர் போகும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகாதே.

துர்காபூரில் ‘ஸ்வராஜ்’ டிராக்டரை வகுத்த அதே ஆராய்ச்சிக் கழகம், 2023-ல் பதினொரு குதிரைசக்தியுள்ள மின்சார டிராக்டர் ஒன்றையும் செய்து காட்டியிருக்கிறது. அவ்வகை யந்திரம் சகாய விலைக்குச் சந்தைக்கு வந்து பரவுமானால், குமரப்பாவின் எண்ணெய் ஆட்சேபத்துக்கு ஒருவாறு விடை கிடைக்கும். அதுவரையில், தேச ஊழியர்கள் மேடைப் பிரசங்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கிராமத்துக்குப் போகட்டும். குடியானவனோடு திண்ணையில் உட்கார்ந்து, அவனுடைய ஏக்கரையும் மணியையும் வட்டியையும் எழுதிக் கூட்டிக் காட்டட்டும். கடனில்லாமல் உழப்படும் நிலமே சுதந்திரமான நிலம்.