மத்தீஸின் துணிமூட்டையும் ஆதிமூலத்தின் ஆபீஸ் வேலையும்

சென்ற மாதம் ஓவியம் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சாளர் கே.எம். ஆதிமூலத்தைப் பற்றி நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். காந்தி வரிசை, மகாராஜாக்கள், கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் போட்ட கோடுகள் என எல்லாம் வந்தது. நடுவில் ஒரு வாக்கியம் சொன்னார். பிழைப்புக்காகத் துணி டிசைன் ஆபீஸில் வீணாக்கிய வருடங்களையும் ஓவியத்துக்கே கொடுத்திருந்தால் அவர் நம்முடைய மத்தீஸ் ஆகியிருப்பார் என்று. அரங்கம் ‘ப்ச்’ கொட்டியது. நானும் கொட்டினேன். பஸ் ஏறி காஞ்சிபுரம் வந்து சேரும்போதுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்பவும் லேட்டாகத்தான் வரும்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு ஓவியர்களும் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறார்கள்.

முதலில் மத்தீஸ். ஆன்றி மத்தீஸ் 1869-ல் வடக்கு பிரான்சில் பிறந்தார், வளர்ந்தது பொஹேன் என்ற சின்ன ஊரில். அது நெசவு ஊர். பாரிஸ் கடைகளுக்கு உயர்ரகப் பட்டு நெய்து அனுப்பிய ஊர். அவருடைய முன்னோர்களே நெசவாளர்கள். தமிழில் அவரைப் பற்றி வரும் கட்டுரைகளைப் பாருங்கள். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், இருபது வயதில் குடல்வால் நோயில் படுத்தார், அம்மா ஒரு வர்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார், உடனே மேதை பிறந்துவிட்டார். பெட்டிக்கு முந்தைய இருபது வருடம் அந்தப் பையன் எந்தத் தெருவில் என்ன பார்த்து வளர்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருது.

மத்தீஸ் காசில்லாத காலத்திலேயே துணித் துண்டுகளை வாங்கிச் சேர்த்தவர். வீடு மாறும்போதெல்லாம் அந்த மூட்டையும் கூடவே போகும். பாரிசில் அவர் வாங்கிய ஒரு நீலப்பூ பருத்தித் துணி 1908-ல் ‘சிவப்பில் இசைவு’ என்ற ஓவியத்துக்குள் வந்து உட்கார்ந்தது. மேசைமேல் விரிந்த துணியின் கொடி அப்படியே சுவரில் ஏறிவிடுகிறது. மேசை எங்கே முடியுது, சுவர் எங்கே ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியாது. ஐரோப்பிய ஓவியம் பல நூறு வருடமாகக் கட்டிக்காத்த ‘ஆழம்’ என்ற விஷயத்தை அவர் ஒரு துணியின் தைரியத்தில்தான் கைவிடுகிறார். துணிக்கு முன்புறம் பின்புறம் உண்டு, தூரம் கிடையாது. 1941-ல் பெரிய ஆபரேஷன் ஆனபிறகு கத்தரியை எடுத்து வர்ணத்தாளை வெட்டினார். 1951-ல் முடிந்த வான்ஸ் தேவாலயத்துக்குப் பாதிரியாரின் அங்கிகளையும் அவரே வடிவமைத்தார்.

இதையெல்லாம் அந்த நாட்டுக்காரர்கள் மறைக்கவில்லை. 2004-ல் மத்தீஸும் துணிகளும் என்ற பொருளில் ஒரு முழுக் கண்காட்சியையே அவர் பிறந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அடுத்த வருடம் அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது.

இப்போது ஆதிமூலம். 1938-ல் துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்தார், 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தார், காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார், 2008 பொங்கலன்று இறந்தார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அவர் வேலை பார்த்த இடம் நெசவாளர் சேவை மையம். வாழ்க்கைக் குறிப்புகளில் அது அரை வரி. அந்த மையங்கள் குமாஸ்தா ஆபீஸ் இல்லை சார். 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் வந்தவை அவை. தறியையும் நவீன ஓவியரையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். கே.ஜி. சுப்ரமணியன் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். டிராட்ஸ்கி மருது சேவை மையத்தில் இருந்தவர். காஞ்சிபுரத்திலும் ஒரு மையம் உண்டு.

அங்கே வரைகிறவனுக்கு என்ன வேலை? காகிதத்தில் சிவப்பும் பச்சையும் கலந்தால் சேறு. தறியில் அப்படி இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இரண்டும் கலக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். மயில்கழுத்து அப்படித்தான் வருது. துணியை அசைத்தால் நீலம், திருப்பினால் பச்சை. கோர்வையில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம், மூன்று நாடா, ஒரு நிறம் நிற்கிற இடத்தில் இன்னொன்று கத்திவெட்டு மாதிரி ஆரம்பிக்கணும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதைச் சம்பளத்துக்குத் தினமும் யோசித்த மனிதர், பிற்காலத்தில் கோட்டை விட்டுவிட்டு நிறத்துக்குள் போகிறார். ஒரே நிறத்தின் அகன்ற பரப்பு, அதை உடைத்துக்கொண்டு வரும் இன்னொரு நிறம். உடனே நம்ம விமர்சகர்கள் அமெரிக்க அரூப ஓவியம் வரைக்கும் போய்த் தேடுகிறார்கள். அவருடைய ஆபீஸ் வரைக்கும் போகவில்லை. தறியிலிருந்துதான் அந்த ஓவியங்கள் வந்தன என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதவைத் தட்டிக்கூடப் பார்க்காமல் ‘வீண்’ என்று எப்படி எழுதுவது?

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைப் பள்ளி தொழில் கற்றுத்தரத்தான் தொடங்கியது. நுண்கலை ஒரு பக்கம், கைத்தொழில் ஒரு பக்கம் என்ற பாகப்பிரிவினை நமக்கு அப்படி வந்து சேர்ந்ததுதான். 1966-ல் பணிக்கர் சோழமண்டலம் அமைத்தபோது ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் அந்தக் கிராமம் நின்றது. அந்தக் கதையையும் நாம் எப்படிச் சொல்கிறோம்? துணி சோறு போட்டது, ஓவியம் கலை.

இதற்கு நேரெதிர் கூட்டம் ஒன்று உண்டு. ‘ஒவ்வொரு நெசவாளியும் ஒரு கலைஞன்’ என்று ரீல்ஸ் போடுகிறவர்கள். அப்பாவிடம் அதைக் காட்டினேன். அவர் நாற்பது வருடம் தறிக்குழியில் கால் வைத்தவர். “கலைஞன்னு சொல்லிட்டா கூலி ஏத்தித் தர வேணாம் பாரு” என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார். டிசைன் அவர் போட்டதில்லையாம். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தவர் ஒருவர், ஜக்கார்டு அட்டை குத்தியவர் ஒருவர், சாயம் போட்டவர் ஒருவர். அப்பா நெய்தார், அம்மா தார் சுற்றினார். எல்லோரையும் சேர்த்து ‘நெசவாளி’ என்று கும்பிடுவது அவர்களை மறப்பதற்கு இன்னொரு வழி.

எங்கள் ஆபீஸில் ஒரு வரி கோடு மாற்றினாலும் யார், எந்தத் தேதி, எதற்கு மாற்றினார் என்று பதிவாகும். ‘கிட் பிளேம்’ என்று அடித்தால் மூன்று வருடத்துக்கு முன் கமா விட்டவன் பெயர்கூட வரும். எம்.எஸ். ப்ளூ என்ற நிறத்தின் பெயரில் பாடகி இருக்கிறார், சாயக்காரர் இல்லை.

எனவே, மத்தீஸோடு ஒப்பிட்டே தீருவேன் என்று அடம்பிடிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆதிமூலம் துணிக்காக வரைந்த தாள்களைத் தேடுங்கள். அவற்றை அட்டையாக்கிய கை எது, எந்தத் தறியில் ஏறியது, கடைசியில் யார் கட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தலைமுறையில் அட்டை குத்தியவர்கள் சிலர் இன்னும் எங்கள் தெருப்பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். மத்தியானம் தூங்குவார்கள், நாலு மணிக்கு மேல் வாங்க.