கழற்றி மாட்டும் வீடும் கட்டிக் காக்கும் கூட்டும்

தறியில் அச்சு தேய்ந்துவிட்டால் நெசவாளர் தறியையே விறகாக்கிவிடுவதில்லை. அச்சை மட்டும் மாற்றுகிறார். விழுது நைந்தால் விழுதை மாற்றுகிறார். கலப்பையில் கொழு மழுங்கினால் உழவர் கொழுவை மட்டும் மாற்றுவதும் அவ்வாறே. தேய்வது மாறும், தாங்குவது நிலைக்கும் என்னும் இந்த எளிய அறிவைக் குடியிருப்புக்கும் பொருத்தினால் நெருக்கடி மிகுந்த நகரங்களின் வீட்டுத் துயர் தணியாதா என்று அறிஞர் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் கட்டடமாக எழுந்த கதையும் வீழ்ந்த கதையும் நம் சங்க உறுப்பினர்கள் அறியத்தக்கன.

ஜப்பான் நாட்டுத் தோக்கியோ நகரில் 1972ஆம் ஆண்டு நாககின் என்னும் பெயருடைய கட்டடம் ஒன்று முடிவுற்றது. அதனை வகுத்தவர் கிஷோ குரோகாவா என்னும் கட்டடக் கலைஞர். நடுவே இரண்டு உறுதியான கோபுரங்கள்; அவற்றைச் சுற்றி, தொழிற்சாலையில் செய்து கொணர்ந்த 140 அறைகள். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 10 சதுர மீட்டர். நான்கு பெரிய திருகாணிகளால் கோபுரத்தோடு பிணைக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய அறையைக் கழற்றிப் புதியதை மாட்டலாம், கோபுரங்கள் நெடுங்காலம் நிற்கும் என்பதே அவர் திட்டம்.

நடந்தது என்ன? ஐம்பது ஆண்டுகளில் ஓர் அறையேனும் மாற்றப்படவில்லை. நீர் கசிந்தது, குழாய்கள் கெட்டன, குடியிருந்தோர் ஒவ்வொருவராக வெளியேறினர். பழைய அறைகளை நீக்கிப் புதியன பொருத்தலாம் என்று குரோகாவா வேண்டினார். ஆயினும் 2007ஆம் ஆண்டு உரிமையாளர்களில் மிகப் பெரும்பாலோர் இடித்துவிடவே வாக்களித்தனர். அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். இடித்துக் கட்ட முன்வந்த நிறுவனமும் நொடித்துப் போகவே, கட்டடம் பின்னும் பல ஆண்டுகள் சீர்கெட்டு நின்று, 2022ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது.

திருகாணியில் குற்றமா, வகுத்தவர் அறிவில் குற்றமா? ஓரளவு வகுப்பிலும் குறை இருந்தது. மேலே உள்ள அறைகளை நீக்கினாலன்றிக் கீழே உள்ளதை எளிதில் எடுக்க இயலாது. எனவே ஒருவர் தம் அறையை மாற்ற விரும்பினால் அவருக்கு மேலுள்ளோர் அனைவரும் இசைய வேண்டும். அறைகளோ தனித்தனியே விற்கப்பட்டவை. ஒருவருக்கு மனம் இருந்தது, பணம் இல்லை. மற்றொருவருக்குப் பணம் இருந்தது, மனம் இல்லை. அறைகளைக் கோபுரத்தோடு பிணைக்கத் திருகாணி இருந்தது. உரிமையாளர்களை ஒருவரோடொருவர் பிணைக்க ஏற்ற கட்டு இல்லை. பெருங்குறை அதுவே என்று நாம் கருதுகிறோம்.

இது பிறநாட்டுக் கதை என்று ஒதுக்குவதற்கில்லை. சென்னைப் பெரும்பாக்கத்தில், தொழிற்சாலை முறையில் வார்த்த கான்கிரீட் பகுதிகளை இணைத்து 1,152 வீடுகள் கட்டப்பட்டு, 2022ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டன. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய பணி ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்தது. விரைவு உண்டு, களத்தில் வீணாகும் பொருளும் குறைவு. இம்முறையை நாம் வரவேற்கிறோம். நெசவையும் நிலத்தையும் விட்டு நகர் சென்ற நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய வீடுகளே நாளை கிடைக்கக்கூடும். ஆயின் விரைவாகக் கட்டிய வீடு விரைவாகப் பாழானால் பயன் என்ன? உலகில் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலினின்று வருகிறது. நூறாண்டு நிற்க வேண்டியதை ஐம்பதாண்டில் இடித்து மீண்டும் வார்ப்பது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கு 1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் அடுக்குமாடிகளிலும் தொழிற்சாலையில் வார்த்த பகுதிகள் பெருமளவில் பயன்படுகின்றன. ஆயினும் அவ்வீடுகளைக் காப்பது அப்பகுதிகள் மட்டுமன்று. குடும்பங்கள் மாதந்தோறும் நகர மன்றத்துக்குக் கட்டணம் செலுத்துகின்றன. அதில் ஒரு பகுதியை, மின்தூக்கி மாற்றுதல், வண்ணம் பூசுதல் முதலிய நெடுங்காலப் பணிகளுக்கெனத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நில உரிமை பெரும்பாலும் அரசிடம் உள்ளது. ஆதலின் அம்முறையை அப்படியே நாம் எடுத்தாள இயலாது. பழுது வருமுன் பணம் சேர்க்கும் ஒழுங்கை எடுத்தாளத் தடை ஏதும் இல்லை.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை மீண்டும் கட்ட வழி செய்கிறது. நன்று. ஆனால் இடிப்பதற்கு ஒன்றுகூடும் நாளுக்கு முன், காப்பதற்கு ஒன்றுகூடும் நாட்கள் பல வேண்டும். அவ்வழக்கத்தைச் சட்டம் மட்டும் தந்துவிடாது. அது கூட்டுறவின் பணி.

ஆகவே வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, முதல் குடும்பம் குடிபுகும் நாளிலேயே பழுதுபார்ப்பு நிதி தொடங்கப்பெறுக. அதன் கணக்கு ஆண்டுதோறும் பேரவையில் வாசிக்கப்பெறுக. இரண்டாவது, எப்பகுதியை எத்தனை ஆண்டில் மாற்றுவது, செலவை எவ்விதம் பங்கிடுவது என்பதைத் துணைவிதியிலேயே எழுதுக. மூன்றாவது, ஒருவர் வீட்டில் கை வைக்காமல் மற்றவர் வீட்டைச் செப்பனிடும் வண்ணம் கட்டடத்தை வகுக்குமாறு பொறியாளரிடம் கேட்டுப் பெறுக. நெசவுக் குடும்பமாயின், தறிக்குரிய இடத்தையும் வெளிச்சத்தையும் அப்போதே கேட்டுப் பெறுக.

மாதச் செலவோடு இதுவும் ஒரு சுமையா என்று உறுப்பினர் கேட்கலாம். சுமைதான். ஆனால் நம் முன்னோர் குடிமராமத்து என்னும் பெயரால் இச்சுமையைத் தாங்கினர். மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரக் குடிக்கு ஓராள் வந்ததனால் ஏரி நின்றது. வராத ஊரில் ஏரி தூர்ந்தது. ஏரிக்கு இருந்த வழக்கம் அடுக்குமாடிக்கும் வருமாயின், நம் பிள்ளைகள் குடியேறும் வீட்டில் நம் பேரப்பிள்ளைகளும் அச்சமின்றி வாழ்வர்.