புள் கிட்டியைத் தொட்டதா?

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. ஒரு சாணுக்கும் குறைவான நீளம். இருமுனையும் சீவப்பட்ட மரத்துண்டு. புள் என்பது அதன் பெயர். அதை அடிக்கும் கோல் கிட்டி. நம் மேற்குப் புறநகர்ச் சிறுவரோ கில்லி, தாண்டு என்பர். (2004-இல் ‘கில்லி’ என்று வந்த திரைப்படத்தில் கதாநாயகன் ஆடுவது கபடி. ஆகவே அதைப் பார்த்து இவ்வாட்டத்தைக் கற்க எண்ணுவோர் ஏமாறுவர்.)

கோடை விடுமுறை வந்தால், இம்மரத்துண்டு எத்தனை இல்லங்களில் வழக்கைக் கிளப்புகிறது! விளையாடச் சென்ற பிள்ளை கண்ணீரோடு திரும்புகிறான். “புள் கிட்டியில் படவே இல்லை, பட்டது என்று என்னை வெளியேற்றிவிட்டார்கள்” என்கிறான். தந்தை தெருவில் இறங்குகிறார். எதிர்வீட்டுத் தந்தையும் இறங்குகிறார். பிள்ளைகள் மறுநாளே கூடி ஆட, பெரியவர்கள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குற்றம் எவருடையது? பெரும்பாலும் எவருடையதுமன்று. இவ்வாட்டத்திற்கு எங்கும் ஒரே சட்டப்புத்தகம் இருந்ததில்லை. தரையில் சிறு குழி தோண்டி, அதன்மேல் புள்ளைக் குறுக்கே வைத்துக் கிட்டியால் கெந்திவிடுவர். எதிரணியார் அந்தரத்தில் பிடித்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். பிடிக்காவிடில், குழிமேல் கிடத்திய கிட்டியை நோக்கிப் புள்ளை எறிவர். பட்டால் அப்போதும் வெளியேற்றம். இதுவரை தகராறு குறைவு. எறிந்த புள் தரையில் குதித்து வந்து பட்டால்? மரக்கிளையில் பட்டு விழுந்ததைப் பிடித்தால்? ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது.

இதில் ஆவடிக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. பல மாநிலத்துக் குடும்பங்கள் குடியிருப்புகளில் அடுத்தடுத்து வாழலாயின. வடக்கே குல்லி டண்டா; வங்கத்தில் டாங்குலி; ஆந்திரத்தில் பில்லங்கோடு; கேரளத்தில் குட்டியும் கோலும். குழந்தைகள் தாய்மொழியோடு தத்தம் விதியையும் கொண்டு வந்தால், ஒரே மைதானத்தில் நான்கு சட்டங்கள்! “எங்கள் ஊரில் இப்படித்தான்” என்று நால்வரும் சொல்வது உண்மையே.

அளக்கும் முறையைச் சற்று கவனியுங்கள். அடித்த புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரை எத்தனை கிட்டி நீளம் என்பதே கணக்கு. பல ஊர்களில் ஆட்டக்காரரே “ஐம்பது” என்று மதிப்புக் கேட்பார். எதிரணி ஒப்பினால் ஐம்பது கிடைக்கும். ஐயுற்று அளந்து, ஒரு கிட்டி குறைந்தாலும் கேட்டதனைத்தும் போய்விடும். ஆகவே பேராசைப்படுவதற்கு அச்சம் உண்டு. வீணாக ஐயுற்றால் வெயிலில் குனிந்து அளக்கும் தண்டனையும் உண்டு. நடுவரே தேவைப்படாத இவ்வேற்பாட்டை வகுத்தவர் யாரோ, நல்ல அறிவாளி. ஆனால், இடையே கழிவுநீர்க் கால்வாய் இருந்தால் நேர்க்கோட்டில் அளப்பதா, சுற்றி அளப்பதா? இதை ஆட்டத்திற்கு முன் பேசியிருக்க வேண்டும். புள் விழுந்தபின் பேசினால், அவரவர் இலாபமே விதியாகிவிடும்.

பெரிய ஆட்டங்களும் இவ்வழியே வந்தவைதாம். கிரிக்கெட்டின் சட்டங்கள் 1744-இல் எழுதப்பட்டபோது மட்டையின் அகலத்துக்கு வரம்பு கூறப்படவில்லை. 1771-இல் இங்கிலாந்தில் செர்ட்சி அணியின் ஒயிட் என்பவர், விக்கெட்டு முழுவதையும் மறைக்குமளவு அகன்ற மட்டையோடு வந்து நின்றார். ஆம்பிள்டன் அணியினர் கூச்சலிட்டுக் கலையாமல் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தனர். 1774-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாலேகால் அங்குலம் என்ற வரம்பு ஏறியது, இன்றும் அதுவே. பின்லாந்தில் 1996-இல் தோன்றிய மோல்க்கி என்னும் மரக்கட்டை எறியும் ஆட்டத்தில், சாய்ந்த கட்டை வேறொரு கட்டையின்மேல் தங்கி நின்றால் அது விழுந்ததாகாது என்று தெளிவாகவே எழுதிவைத்துள்ளனர்.

எழுதப்படாத விதியில் வலியவன் சொல் செல்லும் என்பதை இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் ‘குல்லி டண்டா’ சிறுகதையில் காட்டியுள்ளார். பொறியாளராகி ஊர் திரும்பியவர், தம் பால்ய நண்பன் கயாவை ஆட அழைக்கிறார். கயா இப்போது ஓர் அதிகாரியின் குதிரைக்காரன். பொறியாளர் பொய்யாட்டம் ஆடுகிறார். புள் கிட்டியில் பட்டதையும் இல்லையென்கிறார். சிறுவயதில் சண்டையிட்ட கயா இப்போது வாய் திறப்பதில்லை. மறுநாள் கயா பிறரோடு ஆடுவதைக் கண்டபோதுதான், முன்தினம் அவன் தம்முடன் ஆடவேயில்லை, விளையாட்டுக் காட்டினான் என்பது அவருக்கு விளங்குகிறது. பெற்றோரே, உங்கள் பிள்ளையோடு எவனாவது தகராறே செய்யாமல் விட்டுக்கொடுத்து வந்தால், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருமுறை விசாரியுங்கள்.

மற்றத் தகராறுகளில் நாம் தலையிடவேண்டியதில்லை என்பதே நம் கருத்து. கண்ணைப் பற்றிய விதி ஒன்று மட்டும் பெரியவர் கையில் இருக்கவேண்டும். சிறுவர்க்கு நேரும் கண்காயங்களின் காரணங்களுள் ஒன்றாக நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் இவ்வாட்டத்தைக் குறித்துள்ளனர். சீவிய முனை சுழன்று வரும்போது கைதடுக்க நேரமிராது. ஆதலால் புள்ளின் முனைகளை மழுக்கித் தாருங்கள். பிடிப்பவர் குழிக்கு மிக அருகே நிற்கலாகாது. எத்தனை அடி என்பதைச் சுண்ணாம்பால் கோடு கிழித்தே காட்டிவிடுங்கள். அக்கோட்டைப் பற்றி மட்டும் விவாதம் வேண்டாம்.