உறையில் ஒளிந்திருக்கும் எண்



சாக்லெட்டோ சிப்ஸோ கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பாக்கெட்டைக் கிழித்து, உள்ளே இருப்பதை வாயில் போட்டுக்கொண்டு, உறையை எறிந்து விடுவீர்கள். அந்த உறையில் சின்னதாக ஓர் எண் அச்சாகியிருக்கும். அதுதான் 'பேட்ச் நம்பர்'. ஒரே தடவையில் தயாரான சரக்கு முழுவதற்கும் ஒரே எண் போடுவார்கள். இது எதற்கு என்கிறீர்களா? 2022ல் ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பெல்ஜியம் நாட்டின் ஆர்லோன் நகரில், 'கிண்டர்' சாக்லெட் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. உள்ளே பொம்மை வைத்த முட்டை சாக்லெட் என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே 2021 டிசம்பரில், மோர் பயன்படுத்தும் இடத்தில் 'சால்மோனெல்லா' என்ற பாக்டீரியா இருப்பது சோதனையில் தெரிந்தது. சுத்தம் செய்தார்கள், மறுபடி சோதித்தார்கள், கிருமி இல்லை என்று வந்தது. சாக்லெட் பல நாடுகளுக்குப் போனது.

பிறகு பிரிட்டனிலும் மற்ற நாடுகளிலும் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகள் படுக்கையில் விழுந்தார்கள். ஒருவர் இருக்கும் ஊருக்கும் இன்னொருவர் இருக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவர்கள் உடலில் இருந்த கிருமியின் மரபணுவை விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கைரேகை பொருந்துவது போல எல்லாம் பொருந்தின. 'குழந்தை என்ன சாப்பிட்டது?' என்று பெற்றோரிடம் விசாரித்தார்கள். சாக்லெட் மாட்டிக்கொண்டது!

2022 ஏப்ரல் நடுவில் கணக்கெடுத்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 150 பேர். பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை.

அந்தச் சாக்லெட் கெட்ட வாடை அடித்ததா? இல்லை. ருசி மாறியதா? அதுவும் இல்லை. சாக்லெட்டில் தண்ணீர் மிகக் குறைவு என்பதால், இந்தக் கிருமி அதில் பெருகுவதில்லை. ஆனால், அதிலுள்ள கொழுப்பின் பாதுகாப்பில் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே, 'மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

முதலில் சில வகைச் சாக்லெட்களை மட்டும் திரும்பக் கேட்டார்கள். ஆனால், கம்பெனி கொடுத்த விவரங்கள் முழுமையாக இல்லை என்று பெல்ஜியம் அதிகாரிகள் கண்டார்கள். ஏப்ரல் 8ம் தேதி தொழிற்சாலையின் அனுமதியையே ரத்து செய்தார்கள். அங்கே தயாரான எல்லாச் சாக்லெட்டும், பேட்ச் நம்பர் எதுவானாலும், திரும்பப் பெறப்பட்டது. ஈஸ்டர் பண்டிகைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது! தகவல் சொல்வதில் தாமதம் ஆனதை கம்பெனியும் ஒப்புக்கொண்டது. குழந்தைகள் தின்னும் பண்டத்தில் இவ்வளவு தாமதம் கூடாது என்பேன் நான்.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 2006ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட பண்டத்தைத் திரும்பப் பெறுவது அதை விற்ற கம்பெனியின் கடமை. அதற்கான விதிமுறைகள் 2017ல் வந்தன. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சில பாக்கெட்டுகளைப் பாருங்கள். பெயர், முகவரி, எண் எதுவும் இருக்காது. அதில் விஷமே இருந்தாலும், யார் யாரிடம் திரும்பக் கேட்பது? அவற்றை வாங்காதீர்கள்.

ஏதாவது பண்டத்தைத் திரும்பப் பெறுவதாக நாளிதழிலோ டிவியிலோ அறிவிப்பு வந்தால், பெயரை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேட்ச் நம்பரையும் தேதியையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் தின்னாதீர்கள். வீணாகிறதே என்று நாய்க்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்காதீர்கள். அம்மா, அப்பாவிடம் சொல்லி, உறையோடு கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஏற்கனவே தின்று வயிறு சரியில்லை என்றால், மறைக்காமல் சொல்லி விடுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த உறையும் கூடப் போகட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு அலமாரியில் இருக்கும் மூன்று பாக்கெட்டுகளை எடுத்து, பேட்ச் நம்பர் எங்கே என்று தேடுங்கள். சிலவற்றில் ஒட்டிய மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். பூதக்கண்ணாடி தேவைப்பட்டால், தாத்தாவிடம் கேளுங்கள்.