வீட்டுக்காரர் இல்லாத இரவு

வேலைக்குப் புறப்படும் கணவரைப் பார்த்து, "ராத்திரி நேரமாகிவிட்டால் சிரமப்பட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் வராதீர்கள், அங்கேயே எங்காவது தங்கிவிடுங்கள்" என்று மனைவி சொன்னால் அவர் என்ன நினைப்பார்? 'ஆகா, நம் மீது இவளுக்கு எவ்வளவு கரிசனம்!' என்று நினைப்பார். அல்லது, 'இதில் என்னவோ விஷயம் இருக்கிறது' என்று நினைப்பார். உங்கள் வீட்டில் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ருஷ்யாவின் தலைநகரான பெட்ரோகிராடில் 1917-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி இப்படி ஒரு யோசனையைக் கேட்ட கணவர் கரிசனம் என்றே எடுத்துக் கொண்டார். அவர் பெயர் நிக்கலாய் ஸுகானவ். பத்திரிகைக்காரர். எழுத்தாளர் கார்க்கியின் 'நோவயா ஜிஸ்ன்' - 'புது வாழ்வு' என்று அர்த்தம் - என்ற பத்திரிகையில் வேலை. கட்சியோ மென்ஷ்விக் கட்சியின் இடதுசாரிப் பிரிவு. அவருடைய மனைவி கலீனா பிளாக்ஸர்மன் போல்ஷ்விக். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று இருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு கட்சியாக இருந்தால், வீட்டில் எதைப் பேசுவது, எதை விடுவது என்று ஒரு தனிச் சட்டமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்!

கார்ப்போவ்கா என்ற சிற்றாற்றின் கரையில், 32-ம் எண் கட்டடத்தில் இருந்தது அவர்கள் குடியிருந்த வீடு. பத்திரிகை ஆபீசுக்கு வெகு தூரம். அன்று ஸுகானவ் வீட்டுக்கு வரவில்லை. அவர் வரவேண்டாம் என்பதற்கு இருந்த காரணம் பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றிரவு அவருடைய சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது போல்ஷ்விக் கட்சியின் மத்தியக் கமிட்டி!

(தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ருஷ்யப் பஞ்சாங்கம் நம்முடையதற்கு 13 நாள் பின்தங்கி நடந்தது. அவர்களுடைய அக்டோபர் 10 நமக்கு அக்டோபர் 23. 'அக்டோபர் புரட்சி'க்கு நவம்பர் 7-ந் தேதி விழாக் கொண்டாடிய மர்மமும் இதுதான்.)

மத்தியக் கமிட்டி என்பது கட்சியின் தலைமைச் சபை. அந்த வருஷக் கோடையில் கூடிய ஆறாவது மாநாட்டில் 21 பேரை அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேர்தல் நடந்தபோது அவர்களில் சிலர் சிறையில். லெனினும் ஸினோவியேவும் தலைமறைவு. சிறையில் இருந்தபடியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் அலெக்ஸாண்டிரா கொல்லந்தாய் அம்மாள். இருபத்தொரு பேரில் பெண் என்றால் அவர் ஒருவர்தான்.

கார்ப்போவ்கா வீட்டுக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவராக, இருட்டிய பிறகு வந்தார்கள். லெனின் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! தாடியையும் மீசையையும் மழுங்கச் சிரைத்துவிட்டு, வழுக்கைத் தலையில் பொய் முடி வைத்துக்கொண்டு வந்திருந்தார். லூதரன் பாதிரியார் மாதிரி இருந்ததாம். வழக்கமாகத் தாடி இல்லாத ஸினோவியேவ் தாடி வளர்த்து, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். டிராட்ஸ்கி, ஸ்டாலின், காமனேவ், ஸ்வெர்த்லவ், ஜெர்ஜின்ஸ்கி, யுரீட்ஸ்கி, புப்னவ், ஸொக்கோல்னிக்கவ், லோமவ், கொல்லந்தாய் - மற்றவர்கள் இவர்கள். வர்வாரா யாக்கவ்லெவா என்ற பெண்மணி நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தார்.

கலீனா அம்மாள் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கூட ரொட்டி, ஸாஸேஜ். கூட்டம் சுமார் பத்து மணி நேரம் நடந்தது என்று டிராட்ஸ்கி எழுதி வைத்திருக்கிறார். பத்து மணி நேரம் பன்னிரண்டு பேருக்கு விருந்துபசாரம் என்றால் எத்தனை தடவை வெந்நீர் வைத்திருக்க வேண்டும் என்பதைச் சரித்திரப் பேராசிரியர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள்.

பேச்சு ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஆயுதம் எடுத்துக் கெரென்ஸ்கியின் சர்க்காரைக் கவிழ்ப்பதா, வேண்டாமா? இப்போதே கவிழ்க்க வேண்டும் என்றார் லெனின். காமனேவும் ஸினோவியேவும் கூடாது என்றார்கள். தேசத்தில் பெரும்பான்மை ஜனங்கள் நம் பக்கம் இல்லை, அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் வரப்போகிறது, பொறுப்போம். இதில் தோற்றால் எல்லாமே போய்விடும் என்பது அவர்கள் கட்சி. நடுநிசியும் தாண்டிற்று. கடைசியில் லெனின், குழந்தைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஒரு துண்டுப் பென்சிலால் தீர்மானத்தை எழுதினார். ஆதரவு 10. எதிர்ப்பு 2. பெரிய சாம்ராஜ்யம் ஒன்றின் தலையெழுத்து அந்தத் தாளில் இருந்தது.

காமனேவ், ஸினோவியேவ் போட்ட கணக்கு ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் நடந்த தேர்தலில் போல்ஷ்விக்குகளுக்கு விழுந்தது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஓட்டுத்தான். அந்தச் சபை 1918 ஜனவரியில் ஒரே ஒரு தடவை கூடியது. அத்தோடு அதைக் கலைத்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. அன்றிரவே அரசியல் வழிகாட்டலுக்கென்று ஏழு பேர் கொண்ட ஒரு சிறு குழுவையும் நியமித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட இரண்டு பேரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்! எதிர்த்தவன் துரோகி என்ற எண்ணம் அன்றைக்கு அந்த மேஜையில் இல்லை.

ஆனால் விஷயம் வெளியில் வந்துவிட்டது. எட்டு நாள் கழித்துக் காமனேவ், தானும் ஸினோவியேவும் கிளர்ச்சியை எதிர்ப்பதாகப் பத்திரிகையில் அறிக்கை விட்டார். எந்தப் பத்திரிகை தெரியுமா? 'நோவயா ஜிஸ்ன்'! மனைவி அத்தனை சாமர்த்தியமாகக் கட்டிக் காத்த ரகசியம், கணவருடைய பத்திரிகையிலேயே அச்சேறிவிட்டது.

லெனினுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு பேரையும் கட்சியை விட்டே தள்ள வேண்டும் என்று எழுதி அனுப்பினார். கமிட்டி கூடியது, தலைவர் கேட்டதைச் செய்ய மறுத்துவிட்டது! காமனேவ் கொடுத்திருந்த ராஜினாமாவை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். நாலு நாளில் அவரும் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். விலக்குவது பரிகாரமாகாது, கட்சி ஒற்றுமைதான் முக்கியம், இரண்டு பேரும் இருக்கட்டும் என்று வாதாடியவர் யார் என்கிறீர்கள்? ஸ்டாலின்.

அதே ஸ்டாலின் ஆட்சியில், 1936 ஆகஸ்டில், காமனேவும் ஸினோவியேவும் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புப்னவ் 1938-ல் சுடப்பட்டார். ஸொக்கோல்னிக்கவ் 1939-ல் சிறைக்குள்ளேயே கொலையுண்டார். டிராட்ஸ்கி மெக்ஸிகோவுக்கு ஓடியும் தப்பவில்லை. 1940-ல் ஸ்டாலினின் ஆள் பனிக்கோடரியால் தலையில் அடித்துக் கொன்றான். அன்றிரவு நியமித்த ஏழு பேரில் நோயில் இறந்தவர்கள் லெனினும் ஸ்டாலினும் மட்டுமே. இருபத்தொரு பேர் கமிட்டி பெரிதாகிப் பெரிதாகி 1934 மாநாட்டில் 139 பேர் ஆயிற்று, மாற்று உறுப்பினர்களையும் சேர்த்து. அவர்களில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டதாக 1956-ல் குருஷ்சேவே கட்சி மாநாட்டில் சொன்னார். பத்து மணி நேரம் தலைவரோடு மல்லுக்கு நின்ற சபை, தன் அங்கத்தினர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போனபோது கை தூக்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் இருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கொல்லந்தாய் நார்வே, மெக்ஸிகோ, ஸ்வீடன் தேசங்களில் ஸோவியத் ராஜதந்திரியாக இருந்தார். பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளியே இருந்ததால்தான் பிழைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. 1952-ல் மாஸ்கோவில் காலமானார். குறிப்பு எழுதிய யாக்கவ்லெவா, ருஷ்யக் குடியரசின் நிதி மந்திரியாகப் பல வருஷம் இருந்தவர். 1937-ல் கைது. 20 வருஷச் சிறை. ஜெர்மன் படை நெருங்கியபோது, 1941 செப்டம்பரில், அர்யோல் நகரத்துச் சிறைக் கைதிகளோடு அவரையும் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். அதே கூட்டத்தில் சுடப்பட்டவர் காமனேவின் முதல் மனைவி ஓல்கா. அவர் டிராட்ஸ்கியின் தங்கையும்கூட.

வீட்டுக்கு வராமல் தங்கிய ஸுகானவ் புரட்சியைப் பற்றி ஏழு பாகம் எழுதினார். தன்னுடைய வீட்டிலேயே, தனக்குத் தெரியாமல், இப்படி ஒரு கூட்டம் நடந்ததைச் சரித்திர தேவதையின் வேடிக்கை என்று சிரித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். 1931-ல் மென்ஷ்விக்குகள் மீது நடந்த வழக்கில் அவரைத் தண்டித்தார்கள். 1940-ல் அவரையும் சுட்டார்கள். அந்த வீட்டைப் பின்னால் நினைவுக் காட்சிசாலை ஆக்கி, மேஜை நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள். கலீனா அம்மாள் 1958 வரை உயிரோடு இருந்தார்.