துப்பாக்கிக் குழலில் செம்பு

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நம் கொங்குப் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு வேலை வந்துவிடும். லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு அறிவிப்பு வந்தது மார்ச் 16, வாக்கு எண்ணியது ஜூன் 4. எண்பது நாள்! துடைக்காமல் கொடுத்திருந்தால், அத்தனை நாளும் அழுக்கோடுதான் கிடந்திருக்கும்.

அழுக்கு என்றால் கரி மட்டுமில்லைங்க. இஷாப்பூரில் செய்யும் 315 போர் ரைஃபிள் போன்றவற்றில், குண்டின் ஈயத்துக்கு மேல் செம்பு கலந்த உறை உண்டு. குழலுக்குள் மரைபோலச் சுற்றி ஓடும் வெட்டுகளில் அது உரசிப் போகும்போது மெல்லிய செம்புப் படலம் ஒட்டிக்கொள்கிறது. சுடச் சுட அது தடிக்கும், குறி விலகும். அதற்கடியில் ஈரம் தங்கினால் இரும்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தக் குழிகள் விழுந்தால் விழுந்ததுதான்.

வீட்டில் இருப்பது ஈய ரவை போடும் 12 போர் துப்பாக்கி என்றால் செம்புக் கவலை இல்லை. மகள் என்.சி.சி.யிலோ ரைஃபிள் கிளப்பிலோ சுடும் பாயின்ட் 22-லும் பெரும்பாலும் உறையில்லாத ஈயக் குண்டுதான். அதற்குச் செம்பு கரைக்கும் மருந்து வாங்குவது வீண் செலவு.

அந்த மருந்துகள் பலவற்றில் அமோனியா இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவும்போது மூக்கைத் துளைக்குமே, அதற்கு நெருங்கிய சொந்தம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமாகவே ராடை விட வேண்டும். குழல் வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி போச்சு. முதலில் கரியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து செம்பைத் தொடாது. அப்புறம் மருந்தில் நனைத்த துணி. அது நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். நீலம் நிற்கும்வரை துணியை மாற்றுங்கள். வெண்கலக் கம்பி பிரஷ் போட்டால் பிரஷே கரைந்து நீலம் காட்டும், மனுஷன் பொழுதுக்கும் தேய்த்துக்கொண்டே இருப்பார். நைலான் பிரஷ் நல்லது. லேபிளில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், இரும்புக்கும் ஆகாது. கடைசியில் நன்றாக உலர்த்தி, லேசாக எண்ணெய். மறுபடி சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

செம்புக் குடம் துலக்குகிற புளியை இங்கே கொண்டுவராதீர்கள். அமிலம் குழலையும் தின்னும்.

ஒட்டாமலே தடுக்க முடியாதா? முழுசாக முடியாது. குழல் கொதிக்கும்படி தொடர்ந்து சுடாமல் ஆறவிடுவதும், சுட்ட அன்றே துடைப்பதும்தான் நம் கையில் இருப்பவை. பிரெஞ்சு பீரங்கிப் படையினர் மருந்தோடு வெள்ளீயத் தகடு வைத்துச் சுட்டார்கள். அது செம்போடு சேர்ந்து நொறுங்கும் கலவையாகி, அடுத்த குண்டோடு வெளியே போய்விடும். இன்றும் சில வெடிமருந்துகளில் பிஸ்மத் சேர்க்கிறார்கள். அதெல்லாம் தொழிற்சாலைச் சமாச்சாரம், வீட்டில் கைவைக்கிற வேலை இல்லை.

ஒப்படைக்கும்போது தோல் உறைக்குள் போட்டே விட்டுவிட்டு வராதீர்கள். ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்கு இணை கிடையாது.